ஒரு காக்கிச் சட்டையும் ஒரு முதுகு ஷாட்டும்

போன வாரம் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். எல்லோரும் இளம் பிள்ளைகள், போலீஸ் சீரியலுக்கு வசனம் எழுத ஒப்பந்தம் ஆனவர்கள். "சும்மா அடிதடி மட்டும் வேணாம் மேடம், மக்களுக்கு ஒரு கருத்து சொல்லணும்" என்று உங்களில் ஒரு பெண் சொன்னார். நான் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். வாயைத் திறந்தால் திட்ட ஆரம்பித்துவிடுவேன் என்று எனக்கே பயம். எழுதினால் கொஞ்சம் நிதானமாகத் திட்டலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

கருத்து! ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. நான் கடைசியாக எழுதிய போலீஸ் சீரியலில், எபிசோடுக்கு ஒரு கருத்து என்பது சேனலின் கட்டளை. கதாநாயகி ஒரு பெண் இன்ஸ்பெக்டர். வில்லனைத் துரத்திக்கொண்டு புல்லட்டில் பறப்பார். தலையில் தொப்பிகூடக் கிடையாது, கூந்தல் காற்றில் பறக்க வேண்டுமாம். துரத்திப் பிடித்து, துவைத்துக் காயப்போட்டு, மூச்சு வாங்கக் கேமரா பக்கம் திரும்பி, "வண்டி ஓட்டும்போது எல்லோரும் ஹெல்மெட் போடுங்கள்" என்பார். அதை எழுதியவள் நான்தான். எழுத மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். சேனலின் கிரியேட்டிவ் ஹெட், என் மகனைவிடச் சின்னப் பையன், "மேம், ஆக்‌ஷன் பார்க்க வர்றவங்களுக்கு சைடுல ஒரு மெசேஜ் குடுத்துடலாம்" என்றான். சாப்பாட்டுக்கு ஊறுகாய் வைப்பதுபோலச் சொன்னான்.

அந்தப் பையனை நான் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருந்தால் சமாளிப்பது சுலபம். அவன் மரியாதையான பையன். எதைச் சொன்னாலும் "சூப்பர் மேம்" என்பான். போனை வைத்ததும் தான் நினைத்ததையே செய்வான்.

காஞ்சிபுரத்தில் படப்பிடிப்பு வைத்தபோது, என் சொந்த ஊர் என்பதால் என்னையும் கூடவே இருக்கச் சொன்னார்கள். முதல் நாளே ஒரு கூத்து. போலிப் பட்டு விற்கும் கும்பலை இன்ஸ்பெக்டர் பிடிக்கிறார். வில்லனை ஓர் உதை, அவன் சாயத் தொட்டிக்குள் போய் விழுகிறான். பிள்ளையார்பாளையத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்த நெசவுக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். வில்லனுக்கு இருந்தது ஒரே வெள்ளைச் சட்டை, அடுத்த காட்சிக்கும் அதுதான். அதனால் தொட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருவர், "இன்னாபா இது, சாயத்துல வுழுந்தவன் தும்பப்பூ மாரி எழுந்துக்கினு வரான்?" என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் இன்ஸ்பெக்டர், "அசல் பட்டைப் பார்த்து வாங்குங்கள்" என்று கருத்து சொன்னார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

இவையெல்லாம் சில்லறைக் கருத்துகள். ஹெல்மெட்டாலும் பட்டாலும் யாருக்கும் கெடுதல் இல்லை. சிக்கல், கருத்தில் அரசியல் நுழையும்போது வருகிறது. நான் எழுதத் தொடங்கிய காலத்தில், எனக்கு வேலை கற்றுத் தந்த ஒரு பெரிய இயக்குநர் இருந்தார். பெயர் வேண்டாம். அவர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். அரசாங்கத்தையோ போலீசையோ பற்றி யாராவது வசனம் பேசினால், முகத்தைக் காட்டி ஒரு முறை எடுப்பார். பிறகு அதே ஆளைத் திருப்பி நிறுத்தி, முதுகைக் காட்டி இன்னொரு முறை எடுப்பார். நான் ஏன் என்று கேட்டபோது, "முகம் பேசுனத மாத்த முடியாதும்மா, வாய் அசையறது தெரிஞ்சிடும். முதுகு என்ன வேணும்னாலும் பேசும்" என்றார்.

அதாவது, ஒளிபரப்புக்கு முந்தின நாள் சேனல் முதலாளிக்கு யாருடன் நெருக்கமோ, அதற்கு ஏற்ப டப்பிங்கில் வசனத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒரு தேர்தலுக்கு முன்னால், அந்தக் காலத்துச் சீரியல் ஒன்றில், எங்கள் இன்ஸ்பெக்டர் லாக்கப் அடியை எதிர்த்துக் கண் சிவக்கப் பேசினார். காற்று திசை மாறியதும் அதே இன்ஸ்பெக்டர், முதுகைக் காட்டிக்கொண்டு, அடித்தால்தான் ஊர் திருந்தும் என்றார். பார்த்தவர்கள் யாரும் கேட்கவில்லை. அந்தப் பெரியவரிடம் நான் கற்றது ஏராளம். ஆனால் அந்த முதுகு ஷாட் வித்தையை மட்டும் அவர் தன்னோடு கொண்டுபோயிருக்கலாம். தொழில் முழுக்க அது பரவிவிட்டது.

இனி ரோஸியைப் பற்றிச் சொல்கிறேன்.

திருப்பருத்திக்குன்றம் போகும் வழியில் மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையைப் போலீஸ் ஸ்டேஷனாக மாற்றியிருந்தார்கள். கதாநாயகிக்குக் காக்கிச் சட்டை உடம்பைப் பிடித்தாற்போல் இருக்க வேண்டும், அதே சட்டையில் எகிறி உதைக்கவும் வேண்டும். உதைக்கும்போதெல்லாம் தையல் விட்டுப்போகும். உள்ளூரில் நல்ல தையல்காரர் வேண்டும் என்றார்கள். நான் ரோஸியைச் சொன்னேன். எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், வீட்டு முன்னறையிலேயே கடை வைத்திருக்கிறாள். பட்டுப் புடவை ரவிக்கை என்றால் ஊரில் பாதிப் பெண்கள் அவளிடம்தான் போவார்கள். அவளுடைய அப்பா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அவள் மிஷின் வாங்கிக் கடை போட்டு, மகனைப் படிக்க வைத்து, அவனுக்கு ஒரு ஷேர் ஆட்டோவும் எடுத்துக் கொடுத்தவள். படப்பிடிப்பில் ஒரு மூலையில் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கதையில் ஒரு காட்சி. திருட்டு கேசில் சந்தேகத்தின் பேரில் ஒரு பையனை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து அடித்துவிடுகிறார்கள். அவன் தாய் வந்து இன்ஸ்பெக்டரிடம் கேட்கிறாள். தாயாக நடிக்க வேண்டிய துணை நடிகை காய்ச்சல் என்று சென்னையிலிருந்து வரவில்லை. டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மிஷின் முன்னால் இருந்த ரோஸியைக் காட்டினார்.

"எனக்கு நடிக்கல்லாம் வராதுக்கா" என்றாள் ரோஸி என்னிடம்.

"நடிக்க வேணாம். ஒரே ஒரு வசனம். படிக்கிறேன் கேளு" என்று சொல்லிப் படித்தேன். அது இதுதான்: "எம்புள்ள தப்பு பண்ணியிருந்தா கோர்ட்டுக்கு இட்டுக்கினு போங்க. அடிக்கிறதுக்கு நீங்க யாரு?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "நாளைக்கு எடுத்துக்கோங்க. வூட்ல சொல்லிச் சொல்லிப் பாத்துக்கினு வரேன்" என்றாள்.

மறுநாள் ஒரே டேக். அவள் கத்தவில்லை, அழவில்லை. இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், அவ்வளவுதான். கதாநாயகிக்குப் பதில் வசனம் மறந்துபோய்விட்டது. நான் எழுதிய வரி இவ்வளவு கனமானது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

டீ குடிக்கும்போது ரோஸி அவளாகவே சொன்னாள். மகன் பெயர் டேனியல். பைக் திருட்டு என்று அவனை ஒரு ஸ்டேஷனில் பிடித்து வைத்து அடித்திருக்கிறார்கள். வலது கை முறிந்துவிட்டது. உண்மையான திருடன் வேறு எங்கோ பிடிபட்டதும் இவனை அனுப்பிவிட்டார்கள். ரோஸி விடவில்லை, மேலே புகார் கொடுத்தாள். விசாரிக்க ஓர் அதிகாரி வரப்போகிறார். டேனியல் நேரில் போய் நடந்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அவன் வாயைத் திறந்தால்தானே?

"ஆட்டோ பக்கம் எட்டிக்கூட பாக்க மாட்றான்க்கா. மூஞ்ச செவுத்துப் பக்கம் திருப்பிக்கினு படுத்துக்கினே இருக்குறான். இன்னாத்த கேட்டாலும் வுடும்மான்றான். அவன் பேசலன்னா நான் குடுத்த கம்ப்ளெய்ன்ட்டு குப்பைக்குத்தான் போவும்" என்றாள். "ராத்திரி இந்த வசனத்த மிஷினாண்ட ஒக்காந்து சொல்லிக்கினே இருந்தேன். மொத தபா திரும்பிப் பாத்தான்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே டைரக்டர் அவளை மறுபடி கூப்பிட்டார். திரும்பி நிற்கச் சொல்லி, முதுகு வழியாக இன்ஸ்பெக்டர் முகம் தெரிவதுபோல் இன்னொரு ஷாட். நேராகப் போய், "எதுக்குய்யா இது?" என்றேன்.

"சேஃப்டிக்குக்கா. எடுத்து வெக்கிறதுதான், யூஸ் பண்ண மாட்டோம்" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சண்டை போட்டேன். தலையைத் தலையை ஆட்டினாரே தவிர, எடுத்ததை அழிக்கவில்லை.

நான் பயந்ததுதான் நடந்தது. ஒளிபரப்புக்கு முந்தின நாள் மத்தியானம் கிரியேட்டிவ் ஹெட் போன் செய்தான். "மேம், அந்த மதர் சீன் சூப்பர். ஒரே ஒரு லைன் மாத்தணும். எலெக்‌ஷன் வருதில்ல, போலீஸ் மேல நம்பிக்கை வர்ற மாதிரி ஒரு கருத்து வேணும்னு மேலே சொல்றாங்க. அந்த அம்மாவே, என் பிள்ளைய அடிச்சாவது திருத்துங்கன்னு சொல்ற மாதிரி எழுதிக் குடுங்க. பேக் ஷாட் இருக்கு, லிப் பிரச்சினையே இல்ல."

அந்தப் பெண்ணின் மகனுக்கு உண்மையிலேயே இது நடந்திருக்கிறது என்று சொன்னேன். விசாரணை வரப்போகிறது, எதிர்த்தரப்பு இந்தக் காட்சியைத் தூக்கிக் காட்டினால் அவள் கதி என்ன என்று கேட்டேன். "ஓ, ரியல் இன்சிடென்ட்டா மேம்? அப்போ இன்னும் கனெக்ட் ஆகும்" என்றான். போனை எதன் மீதாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. எழுத மாட்டேன் என்றேன். "பரவால்ல மேம், டப்பிங்ல பாத்துக்குவாங்க. சாயந்திரம் புரொமோ போயிடும்" என்று சொல்லி, வழக்கம்போல் நன்றியும் சொல்லி வைத்தான்.

நம் தொழிலில் ஒரு விதி உண்டு, எழுதப்படாத விதி. எடிட்டிங்கில் நடப்பதை நடித்தவர்களிடம் போய்ச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த வேலை கிடையாது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு ரோஸி கடைக்கு நடந்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டி.வி.யில் தன் முதுகு என்ன பேசப்போகிறது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட, அந்த வசனத்தை எழுதியவள் சொல்லித் தெரிந்துகொள்வது மேல்.

ரோஸி மிஷினில் இருந்தாள். ஊசிக்கு அடியில் கதாநாயகியின் காக்கிச் சட்டை. நான் சொல்லி முடிக்கும் வரை மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை, மிதிக்கவும் இல்லை. உள்ளே கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த டேனியலுக்குக் கேட்டிருக்கும்.

"நான் சொன்னேன்னு போடுவாங்களா?" என்றாள்.

"உன் குரல் இல்ல. வேற பொம்பள பேசுவா."

"ஆனா முதுகு என்துதானேக்கா?"

சாயந்திரம் புரொமோ வந்தது. இன்ஸ்பெக்டரின் முகம் பெரிதாக, அதற்கு முன்னால் ரோஸியின் பழுப்புப் புடவையும் கொண்டையும். யாரோ ஒரு குரல் அழுதுகொண்டே, "அடிச்சாவது எம்புள்ளய திருத்துங்கம்மா!" என்றது. கீழே 'ஒரு தாயின் வேண்டுகோள்' என்று எழுத்து வேறு. தெருவில் எல்லோருடைய போனிலும் அதுதான். எதிர்க் கடைக்காரர் வந்து, "இன்னாமா ரோஸி, நீயே இப்டி சொல்லிட்ட?" என்று கேட்டுவிட்டுப் போனார். மனசறிந்து புண்படுத்தவில்லை, உண்மையாகவே நம்பிவிட்டார். அம்மா என்ன பேசினாள் என்று தெரிந்த டேனியல்கூடப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான் என்று ரோஸி பிறகு சொன்னாள். "பாத்தியா, நீ பேசுனா இதான் ஆவும்" என்றானாம். நாள்கணக்கில் வாய் திறக்காதவன் அவளிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான்.

மறுநாள் காலை அரிசி ஆலையில் சண்டைக் காட்சியின் மிச்சம் எடுக்க வேண்டும். எல்லாம் தயார். கதாநாயகி மட்டும் கேரவனை விட்டு இறங்கவில்லை. சட்டை வரவில்லை.

இங்கேதான் எங்கள் ஆட்களின் புத்திசாலித்தனத்தை நீங்கள் பார்க்க வேண்டும். யூனிஃபார்ம் இரண்டு செட். ஒன்று கதாநாயகிக்கு, இன்னொன்று அவருக்குப் பதில் குதிக்கும் டூப்புக்கு. சண்டையில் இரண்டிலும் இடது கையில் ஒரே மாதிரி கிழிசல் போட்டிருந்தார்கள். அந்தக் கிழிசல் அப்படியே இருக்க வேண்டும், மற்ற தையல் மட்டும் சரி செய்ய வேண்டும் என்று இரண்டையுமே ரோஸியிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு போய் அதே ரோஸியின் பேச்சைப் பிடுங்கியிருக்கிறார்கள். புதுச் சட்டை வாங்கலாம் என்றால் கிழிசல் அதே இடத்தில் அதே மாதிரி வராது, நேற்று எடுத்ததோடு ஒட்டாது. கையில் எடுத்து வைத்த எபிசோடும் கிடையாது. இன்று எடுப்பது நாளை போக வேண்டும். இப்படி ஒரு முட்டாள்தனத்தை எங்கள் தொழிலைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

ரோஸி வந்தாள். பையில் சட்டைகள் இருப்பது தெரிந்தது. மிஷினைத் திறக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, லாக்கப் செட்டுக்கு முன்னால் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் ஓடினார். "என்னம்மா, தச்சாச்சா? குடு."

"தச்சாச்சு சார். எம்பேச்ச எனக்குக் குடுங்க, உங்க சட்டய நான் குடுக்குறேன்."

மேனேஜருக்குப் புரியவில்லை. டைரக்டருக்குப் புரிந்தது, தலையைத் தொங்கப் போட்டார். புரிந்ததும் மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "கம்பெனி பொருளைப் புடிச்சு வெச்சுக்கிட்டா போலீஸ்ல சொல்லிடுவேன், தெரியுமா?" என்று போனை எடுத்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பொய்ப் போலீஸ் சட்டைக்காக நிஜப் போலீசைக் கூப்பிடப் போகிறார்! ஆனால் ரோஸி சிரிக்கவில்லை.

"கூப்டுங்க சார். யாரு வருவாங்கன்னு எனக்குத் தெரியும். எம்புள்ள கைய ஒடிச்சவங்கதான் வருவாங்க. வரட்டும். அவங்களாண்டயும் இதத்தான் சொல்லுவேன்."

மேனேஜர் போனைக் காதில் வைக்காமலேயே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லைட் பிடிப்பவர்கள், சண்டைக்காரர்கள், எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது டைரக்டர் என் பக்கம் வந்து, "அக்கா, நீங்க பேசுங்க. நான் பேசினா அந்தப் பையன் சூப்பர்னு சொல்லிட்டு வெச்சிடுவான்" என்றார்.

பிள்ளைகளே, நீங்கள் இதுவரை மேலோட்டமாகப் படித்திருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு இருந்த கோபத்துக்கு, கிரியேட்டிவ் ஹெட்டைக் கூப்பிட்டு வாய்க்கு வந்ததைத் திட்டியிருக்கலாம். ரோஸி பேசிய பழைய வசனத்தையே போடு என்று அடம் பிடித்திருக்கலாம். அவன் மேலிடத்தைக் கேட்டிருப்பான், மேலிடம் முடியாது என்றிருக்கும், சாயந்திரம் அந்தப் பொய்க் குரலே போயிருக்கும். எனக்கு நியாயத்தின் பக்கம் நின்ற பெருமை கிடைத்திருக்கும், ரோஸிக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. என்ன கேட்டால் இன்று சாயந்திரத்துக்குள் நடக்கும் என்று யோசித்தேன். பிறகு ரோஸியிடம் போய்க் கேட்டேன்.

"நீ பேசினத போட மாட்டாங்க, ரோஸி. ஆனா அந்தப் பொய்ய எடுக்கச் சொல்லிப் பாக்குறேன். உன் முகத்த காட்டி, குரலே இல்லாம, பாட்டு மாதிரி ஏதாவது வாசிச்சா ஒத்துக்குவியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "என் வாய்ல ஊரான் பேச்சு இருக்கக் கூடாதுக்கா. அவ்ளோதான். வெறும் வாயா இருந்தா பரவால்ல."

போன் போட்டேன். சட்டை விஷயத்தைச் சொன்னதும் அவன் குரலே மாறிவிட்டது. இப்போதுதான் முதல் முறையாக நான் சொல்வதை முழுதும் கேட்டான். அரசியலும் வேண்டாம், கருத்தும் வேண்டாம், அந்த முதுகைத் தூக்கிவிட்டு முகத்தைப் போடு, வயலின் வாசி, தாயின் வேதனை வார்த்தைக்கு அப்பாற்பட்டது என்று மேலே சொல்லிக்கொள் என்றேன். 

"மேம்… சூப்பர் மேம்! சைலன்ஸ்ல எமோஷன். பயங்கரமா இருக்கும்!"

கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டேன். புரொமோவையும் உடனே எடு என்றேன். எடுத்தான். அது நீக்கப்பட்டுவிட்டது என்பதைத் தன் கண்ணால் போனில் பார்த்த பிறகே ரோஸி பையைத் திறந்தாள். தையல் எல்லாம் கச்சிதமாகப் போட்டிருந்தாள். இடது கையில் கிழிசல் நேற்று இருந்தது போலவே இருந்தது, ஒரு நூல் கூடப் பிரியவில்லை. சட்டையை வாங்கிக்கொண்ட கதாநாயகி, ரோஸியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். மேனேஜர் அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. அடுத்த சீரியலுக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை. எனக்கும் போதும் என்று ஆகிவிட்டிருந்தது.

அன்று சாயந்திரம் ரோஸி வீட்டில் உட்கார்ந்து எபிசோடைப் பார்த்தேன். போவதா வேண்டாமா என்று தயக்கம்தான். இந்தச் சேனல்காரர்களை நம்ப முடியாது, கடைசி நிமிஷத்தில் மறுபடி முதுகைப் போட்டுவிட்டால் அந்த நேரத்தில் அவள் தனியாக இருக்கக் கூடாது என்று தோன்றியது. எதிர்க் கடைக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். டேனியல் வழக்கம்போல் உள்ளே கட்டிலில் இருந்தான்.

காட்சி வந்தது. நல்ல வேளை, முகம்தான். ரோஸி நேராகப் பார்க்கிறாள். உதடு அசைகிறது. வயலின் என்றால் அப்படி ஒரு வயலின், யாரோ பூனையைக் கட்டி வைத்து அழவிட்டது போல. குரல் இல்லை. ரோஸி தன் முகத்தையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கடைக்காரர் ரகசியமாக, "இன்னா சொல்லுது இது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"எம்புள்ள தப்பு பண்ணியிருந்தா கோர்ட்டுக்கு இட்டுக்கினு போங்க. அடிக்கிறதுக்கு நீங்க யாரு?"

டி.வி.யிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. டேனியல் கட்டிலை விட்டு எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். குரல் கரகரத்தது, வெகுநாளாகப் பேசாத தொண்டை. மாவுக்கட்டுப் போட்ட கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. எங்கள் யாரையும் பார்க்கவில்லை, அம்மாவின் முகம் இருந்த டி.வி.யைத்தான் பார்த்தான்.

ரோஸி திரும்பவில்லை. திரும்பினால் அவன் மறுபடி உள்ளே போய்விடுவான் என்று பயந்தாளோ என்னவோ. டி.வி.யைப் பார்த்தபடியே, "இன்னொரு தபா சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான். இந்த முறை 'எம்புள்ள' என்று சொல்லவில்லை. "நான் தப்பு பண்ணியிருந்தா கோர்ட்டுக்கு இட்டுக்கினு போயிருக்கணும். அடிக்கிறதுக்கு அவங்க யாரு?"

"அந்த ஆபீசரு வரும்போதும் இத சொல்லுவியா?"

"சொல்றேன்மா."

என் கையில் போன் அதிர்ந்தது. கிரியேட்டிவ் ஹெட். 'மேம், மியூட் சீன் செம ரீச்! இனிமே எல்லா மெசேஜையும் இப்படியே பண்ணலாமா?' என்று அனுப்பியிருந்தான். நான் பதில் போடவில்லை, இன்றுவரை போடவில்லை. டி.வி.யில் இன்ஸ்பெக்டர் கேமரா பக்கம் திரும்பி, மூச்சு வாங்க, வண்டி ஓட்டும்போது எல்லோரும் ஹெல்மெட் போடுங்கள் என்று சொல்லத் தொடங்கினார். ரோஸி ரிமோட்டை எடுத்து அதை அணைத்துவிட்டு, மகனுக்குச் சோறு போட எழுந்தாள்.